'லோக்கல்' என்று போட்டிருக்கும் கெர்னல் ஓட்டைக்கு நான் பயப்பட வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு பதில் எழுதுவதில் பயனில்லை. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்ட் நீங்கள். கடையிலுள்ள உபுண்டு 22.04 கணினியில் யார் எத்தனை கிலோ இலை போட்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது. விவசாயிகள் அதை மொபைலிலேயே பார்த்துக்கொள்ள, அதே கணினியில் மகன் ஒரு சின்ன வலைப்பக்கமும் போட்டிருக்கிறார். உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலில் உள்ள, சிவிஇ-2024-1086 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டையைப் பற்றிப் படித்தீர்கள். அதில் 'லோக்கல்' என்று இருக்கிறது. உங்கள் இருவரைத் தவிர அந்த அறைக்குள் யாரும் வருவதில்லை, அதனால் விட்டுவிடலாமா என்கிறீர்கள். அப்டேட் எல்லாம் தானாக ஏறிவிட்டது என்று கணினி சொல்கிறது, ஆனால் கெர்னல் எண் 5.15.0-91 என்றே நிற்கிறது. கடைசியாக ரீபூட் செய்தது 2024 ஜனவரியில். ஆக, கேள்வி இரண்டு. 'லோக்கல்' என்றால் யார்? வட்டில் (டிஸ்கில்) ஏறிவிட்ட அப்டேட், ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் காக்குமா? இரண்டாவதற்குப் பதில் சின்னது: காக்காது. முதலாவதுதான் பலரையும் ஏமாற்றும் சொல்.

'லோக்கல்' என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் குறிப்பதல்ல. அந்தக் கணினிக்குள் ஒரு சாதாரணப் பயனரின் பெயரில் ஏதோ ஒரு நிரல் ஓட முடிந்தால், அங்கிருந்து ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், வரை ஏறலாம் என்பதே அதன் பொருள். உங்கள் வலைப்பக்கமும் ஒரு பயனரின் பெயரில்தான் ஓடுகிறது. உபுண்டுவில் பொதுவாக அந்தப் பயனருக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனால் பக்கத்தில் சரியாகச் சோதிக்காத ஒரு படிவமோ, எந்தக் கோப்பையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு பதிவேற்றமோ இருந்தால், எங்கோ உட்கார்ந்திருப்பவர் தன் நிரலை அந்தப் பெயரில் ஓட்டிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து அவரும் 'லோக்கல்'தான். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், யூகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு திறந்திருந்தாலும் இதே கதைதான். இந்த ஓட்டைக்கு 10க்கு 7.8 மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். வலை வழியே நேராக உள்ளே வர முடியாததால்தான் அது கொஞ்சம் குறைந்தது. முன்வாசலை வேறொரு பிழை திறந்துவிடும். அலமாரிச் சாவி இந்தப் பிழையில் கிடைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் இலைக் கணக்கைத் திருத்த ரூட் அதிகாரம்கூடத் தேவையில்லை. டேட்டாபேஸ் கடவுச்சொல் வலைப்பக்கத்தின் கோப்பிலேயே இருக்கும் என்பதால், பக்கத்தைப் பிடித்தவர் கணக்கையும் பிடித்த மாதிரிதான். ரூட் கிடைத்தால் கூடுதலாக நடப்பது வேறு: பதிவுக் கோப்புகளை அழிப்பார், செருகியே வைத்திருக்கும் பேக்கப் டிஸ்கையும் கெடுப்பார், இருப்பதே தெரியாமல் தங்குவார், கடையிலுள்ள மற்ற கணினிகளுக்கும் தாவுவார். ஆகவே கெர்னலை மட்டும் சரிசெய்துவிட்டு வலைப்பக்கத்தை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இது எந்த வகைப் பிழை என்று தெரிந்தால், ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பதும் புரியும். சீசன் நேரத்து ஊட்டி காட்டேஜ் ஒன்றின் வரவேற்பு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் எண் அறையைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பத்திடம் ஒரு மாற்றுச் சாவி தங்கிவிட்டது. அறையில் வேறு குடும்பம் வந்து பெட்டியை வைத்த பிறகும் அந்தச் சாவி திறக்கும். விடுவித்த நினைவகத்தை மறுபடி பயன்படுத்தும் பிழை இதுதான். இதன் உடன்பிறப்பு இரட்டை விடுவிப்பு: மேசையிலிருக்கும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், '12 காலி' என்று ஆளுக்கொரு முறை எழுதிவிடுகிறார்கள். காலிப் பட்டியலில் 12 இரண்டு தடவை வந்துவிட்டது. அடுத்து வரும் இரண்டு பேருக்கும் அதே அறை. அதில் ஒருவர் திருடன், இன்னொருவர் லாட்ஜின் கல்லாப் பெட்டியை வைக்க இடம் கேட்ட மேனேஜர் என்றால் என்ன ஆகும்? கெர்னலும் விடுவித்த நினைவகத்தைப் பட்டியலில் போட்டு, அடுத்துக் கேட்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும். சி மொழியில் எழுதிய நிரலில் 'இது ஏற்கெனவே விடுவித்ததுதானே' என்று தானாகக் கேட்க ஆள் இல்லை. எழுதியவர் நினைவில் வைத்திருந்தால் உண்டு.

சிவிஇ-2024-1086 இந்த இரட்டை விடுவிப்பு வகை. லினக்ஸின் ஃபயர்வால் பகுதியான என்எஃப் டேபிள்ஸ், வலை வழியே வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவுத் துண்டுக்கும்) ஒரு தீர்ப்பு எண் தருகிறது. அந்த எண்ணின் கீழ்ப்பாதியில் தீர்ப்பு: 0 என்றால் வீசு, 1 என்றால் அனுமதி. வீசும்போது என்ன பிழை என்று சொல்ல மேல்பாதியில் இன்னொரு எண் வைக்கலாம். அங்கே வரக்கூடாத எண்ணையும் விதி எழுதுபவர் வைக்க முடிந்ததுதான் தவறு. 'வீசு' என்பதைப் படித்த கெர்னல் பாக்கெட்டின் நினைவகத்தை விடுவித்துவிடும். பிறகு மேல்பாதியிலிருந்து எடுத்துத் திருப்பித் தரும் எண் 1 ஆக இருந்தால், அழைத்த பகுதி அதை 'அனுமதி' என்று புரிந்துகொள்ளும். செத்த பாக்கெட்டை உயிருள்ளதாக எண்ணி வேலையைத் தொடரும், கடைசியில் மறுபடி விடுவிக்கும். இந்தக் குறை 2014இல் வந்த 3.15 பதிப்பிலிருந்தே இருந்தது. 2024 ஜனவரியில் திருத்தினார்கள். அப்படிப்பட்ட எண்ணோடு விதி எழுத வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் திருத்தம். சில வரிகளுக்கு மேல் இல்லை.

ஃபயர்வால் விதி எழுத ரூட் வேண்டுமே, சாதாரணப் பயனரால் எப்படி முடியும் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். 'யூசர் நேம்ஸ்பேஸ்' என்ற வசதியில் ஒரு சாதாரணப் பயனர் தனக்கென்று ஒரு சிறு உலகம் கட்டி, அதற்குள் தானே ரூட் என்று இருக்கலாம். பிரவுசர்கள் ஆபத்தான வலைப்பக்கத்தைத் தனிமைப்படுத்த இதைத்தான் நம்புகின்றன. அந்தச் சிறு உலகத்துக்குள் அவர் விதி எழுதுவார். ஆனால் அதைப் படிக்கும் கெர்னல் எல்லோருக்கும் பொதுவான ஒரே கெர்னல். உபுண்டு 22.04இல் இந்த வசதி எல்லாப் பயனருக்கும் திறந்தே இருக்கிறது, 24.04இல் ஆப்ஆர்மர் என்ற காவல் அமைப்பு மூலம் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: 2024 மார்ச்சில் இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல் எல்லோரும் பார்க்கும்படி வெளிவந்தது, 5.14 முதல் 6.6 வரையிலான, திருத்தம் சேராத கெர்னல்களுக்கு அது பொருந்தும். 2024 மே 30 அன்று, நடப்பில் தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா இதைச் சேர்த்தது. உங்கள் 5.15.0-91 திருத்தத்துக்கு முந்தையது. எனவே உங்கள் கணினியில் ஓட்டை திறந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. யாராவது அதற்குள் வந்தார்களா என்பது தனிக் கதை, கீழே வருகிறேன்.

எண்களைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். லினக்ஸ் குழுவே வெளியிடும் மூலக் கெர்னலில் 5.15.149, 6.1.76, 6.6.15 ஆகியவற்றில் திருத்தம் சேர்ந்துவிட்டது என்று படித்திருப்பீர்கள். உபுண்டுவின் 5.15.0-91இல் நடுவே வரும் 0 எப்போதும் 0தான். கோட்டுக்குப் பின்னால் வரும் 91தான் ஏறும். இந்த இரண்டு எண் வரிசைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குள்ளேயே இறக்கிக் கொடுப்பது உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் எல்லாருக்கும் வழக்கம். உங்களுக்குத் தேவையான கேள்வி ஒன்றே: இப்போது ஓடும் கெர்னலும், வட்டில் உள்ள கடைசிக் கெர்னலும் ஒன்றா? ஓடுவதை 'யூநேம்' என்ற கட்டளை காட்டும். வட்டில் இருப்பது 'பூட்' அடைவில் கோப்புகளாகத் தெரியும். உபுண்டு தானாக அப்டேட் ஏற்றும், ஆனால் இயல்பாகத் தானாக ரீபூட் செய்யாது. 'ரீபூட் தேவை' என்று வார் அடைவின் ரன் பகுதியில் ஒரு கோப்பை மட்டும் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கும். உங்களுடையது 2024 தொடக்கத்திலிருந்தே காத்துக்கொண்டிருக்கிறது.

ரீபூட் செய்யப் பயப்படுவது நியாயம்தான். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கீழிருந்து சர்வீஸ் ஆள் மேலே வர முடியாது. மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் கணினி எழவில்லை என்றால் விவசாயிகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் டேட்டாபேஸை ஒரே கோப்பாக வெளியே எடுத்து, வெளி டிஸ்கில் வைத்து, டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். எடுத்த கோப்பை வேறொரு லேப்டாப்பில் ஏற்றி, நேற்றைய கிலோ சரியாக வருகிறதா பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருடம் நிற்காமல் சுழன்ற ஹார்டு டிஸ்க், மின்சாரம் போய் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி சுழலாமல் போவதுண்டு. மலை ஈரத்தில் இணைப்பு முனைகள் பூத்திருந்தால் இன்னும் மோசம். ஆகையால் இன்வெர்ட்டரை அணைத்துப் போடாமல், கட்டளை வழியாகவே ரீபூட் செய்யுங்கள். அதில் மின்சாரம் அறுபடாது.

அடுத்து 'பூட்' பகுதியில் இடம் இருக்கிறதா பாருங்கள். அதைத் தனிப் பகுதியாகச் சின்னதாகப் பிரித்திருந்தால் இங்கேதான் சிக்கும். ஒரு கெர்னலும் அதன் தொடக்கக் கோப்பும் சேர்ந்து 100 எம்பிக்கு மேல் எடுக்கும். நாலைந்து பழையவை தங்கிவிட்டால், புதியது பாதி எழுதிய நிலையில் 'இடம் இல்லை' என்று நின்றிருக்கும். அந்தப் பாதிக் கெர்னலில் ரீபூட் செய்தால் எழாது. மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடியின், தேவையற்றவற்றை நீக்கும் கட்டளையை ஓட்டி, பிறகு அதற்கு அடியிலுள்ள டிபிகேஜியை 'மீதியை முடி' என்று ஒருமுறை ஓட்டி, பிழைச்செய்தி இல்லாமல் முடிகிறதா என்று உறுதி செய்யுங்கள். இணையம் விட்டு விட்டு வந்தால், 'இறக்க மட்டும் செய்' என்ற தெரிவோடு ஏபிடியை இரவில் விட்டுவிடலாம். பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவுவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறந்துபோவது இன்னும் இரண்டு உண்டு. மகன் வலைப்பக்கத்தைக் கையால் ஓடவிட்டிருந்தால், ரீபூட்டுக்குப் பிறகு அது தானாக வராது. கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் சேவையாகப் பதிந்திருக்கிறதா பாருங்கள். எழும்போது எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வெளி டிஸ்கை எழுதி வைத்து, இப்போது அதைக் கழற்றியிருந்தால், கணினி 90 வினாடி தேடிவிட்டு அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிடுங்கள். கெர்னல் உடைந்துவிட்டது என்று ஆளைக் கூப்பிடும்போது, இந்த எஃப்எஸ்டேப் வரியே காரணமாக இருப்பதும் உண்டு. தனியாக ஏற்றிய வைஃபை டிரைவர் இருந்தால், புதிய கெர்னலுக்கும் அது கட்டப்பட்டிருக்கிறதா என்று, அந்தக் கட்டும் வேலையைச் செய்யும் டிகேஎம்எஸ் கருவியின் நிலையைப் பாருங்கள். இல்லாவிட்டால் எழுந்த கணினிக்கு இணையம் இருக்காது.

இப்போது பாதுகாப்பு வலை. எந்தக் கெர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்கும் தொடக்க நிரலான கிரப்பின் அமைப்பில் இயல்புத் தேர்வை 'சேவ்ட்' என்று மாற்றி, கிரப்பைப் புதுப்பியுங்கள். பழைய 91ஐ இயல்பாக வைத்து, 'கிரப்-ரீபூட்' கட்டளையில் புதிய கெர்னலை அடுத்த ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். கெர்னல் தொடக்க வரியில் 'பேனிக்=10' என்று சேர்த்தால், கெர்னல் விழுந்த 10 வினாடியில் தானே மறுபடி எழும். புதியது எழவில்லை என்றால், மகன் வெளியூரில் இருந்தாலும் கடையில் இருப்பவர் பவர் பட்டனை அழுத்தி அணைத்து மறுபடி போட்டால் போதும், பழையதில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: டிஸ்குகளைச் சேர்த்தும் பிரித்தும் அமைக்கும் எல்விஎம்முக்குள்ளோ ரெய்டிலோ 'பூட்' பகுதி இருந்தால் அந்த ஒருமுறைத் தேர்வைக் கிரப்பால் அழித்து எழுத முடியாது, ஒவ்வொரு முறையும் புதியதையே முயலும். அப்படியானால் இந்த வழியை நம்பாமல், திரை முன் நின்று ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் பட்டியலைத் திறந்து கையால் தேர்ந்தெடுங்கள்.

உடனே ரீபூட் செய்ய முடியாத நிலை என்றால், இடைக்கால வழிகள் சில. ஒவ்வொன்றிலும் ஒரு விலை உண்டு. கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை மூலம் சாதாரணப் பயனருக்கு யூசர் நேம்ஸ்பேஸை அடைத்தால் இந்த ஓட்டைக்கான வழக்கமான பாதை மூடிவிடும். ஆனால் அதே கணினியில் பிரவுசரோ, ஃபிளாட்பேக் என்ற தனிப்பொதி வடிவில் நிறுவிய செயலிகளோ இருந்தால் அவற்றின் தனிமைப்படுத்தல் பலவீனமாகும், சில திறக்கவே மாட்டா. வலைச் சேவையை மட்டும் கட்டுவது எனக்கு மேலாகப் படுகிறது: அதன் சிஸ்டம்டி கோப்பில் 'ரெஸ்ட்ரிக்ட் நேம்ஸ்பேசஸ்' என்பதை 'எஸ்' ஆக்கி, சேவையை மறுபடி தொடங்குங்கள். கணினியை ரீபூட் செய்யத் தேவையில்லை, பிரவுசரும் தப்பும். எஸ்எஸ்எச் வழி வருபவரை இது தடுக்காது. அதற்குக் கடவுச்சொல் நுழைவை மூடி, சாவிக் கோப்பு மட்டும் போதும் என்று வையுங்கள். என்எஃப் டேபிள்ஸ் பகுதியையே ஏறவிடாமல் தடுக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருக்கலாம். 22.04இல் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸும் உள்ளுக்குள் அதையே பயன்படுத்துவதால், உங்கள் ஃபயர்வாலே போய்விடும். செய்யாதீர்கள். உபுண்டுவின் கூடுதல் ஆதரவுச் சேவையான உபுண்டு ப்ரோவை 5 கணினிகள் வரை இலவசமாகப் பதியலாம். அதிலுள்ள லைவ்பேட்ச், தீவிரமான கெர்னல் ஓட்டைகளுக்கு ஓடும்போதே ஒட்டுப் போடும். இனிமேலுக்கு அது நல்லது. இத்தனை நாள் விட்ட பாக்கிக்கு ரீபூட்தான் தீர்வு.

யாராவது ஏற்கெனவே வந்துபோனார்களா? இங்கே உறுதி கிடையாது. இதை யார் சொன்னாலும் கொஞ்சம் யோசித்தே நம்புங்கள். ரூட் கிடைத்தவர் கெர்னலையே மாற்றியிருக்கலாம்; பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வது அந்த மாற்றிய கெர்னல். ரீபூட்டுக்கு முன் சில இடங்களைப் பார்க்கலாம்: பயனர் பட்டியலில் ரூட் தவிர எண் 0 உள்ள வேறு பெயர், எஸ்எஸ்எச் அனுமதிச் சாவிகளில் தெரியாத வரி, வலைப் பயனரின் பெயரில் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), தற்காலிக அடைவிலிருந்து ஓடும் நிரல். கெர்னல் பதிவில் நினைவகப் பக்கம் கெட்டுவிட்டது என்றோ, எண்ணிக்கை குறைந்து விடுவித்த நினைவகம் பயன்படுகிறது என்றோ எச்சரிக்கை இருந்தால், தோற்றுப்போன முயற்சியாக இருக்கலாம். ராம் பழுதானாலும் இதே மாதிரி வரும். ஏதாவது கிடைத்தால் தெரியும். எதுவும் கிடைக்கவில்லை என்பது சுத்தம் என்பதற்குச் சான்று ஆகாது. தெளிவான தடயம் ஒன்று கிடைத்துவிட்டால் சுத்தம் செய்ய முயலாதீர்கள். இணைய வயரைப் பிடுங்கி, பென் டிரைவிலிருந்து புதிதாக 24.04 ஏற்றி, டேட்டாவை மட்டும் கொண்டுவந்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். கணக்கில் ஏறியிருக்கும் கிலோக்களை விவசாயிகளின் கையிலுள்ள சீட்டோடு ஒப்பிடுங்கள்.

கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எடை மேடையோடு இணைத்த விண்டோஸ் 7 கணினியும் அதே ரவுட்டரில் இருக்கிறது என்று. என்னைக் கேட்டால் எனக்கு அதுதான் பெரிய கவலை. 2020 ஜனவரி 14உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் நுழைந்ததும் ஒரு கெர்னல் நினைவகப் பிழை வழியாகத்தான்: 32 பிட் அளவு ஒன்றின் கீழ் 16 பிட்டை மட்டும் மாற்றி எழுதியதால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியது. அதற்கு யாரும் 'லோக்கல்' ஆக வேண்டிய அவசியம்கூட இல்லை. கோப்புப் பகிர்வு வழியே நேராக வந்தது. அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. எடைக் கணினிக்கு இணையம் தேவையில்லை என்றால் அதன் கேட்வே முகவரியை (வெளியே போகும் வழியாக ரவுட்டரைக் குறிக்கும் முகவரியை) எடுத்துவிடுங்கள். கோப்புப் பகிர்வுக்கான 445, தொலைவிலிருந்து இயக்குவதற்கான 3389 என்ற இரண்டு போர்ட்டுகளையும் (நுழைவாயில்களையும்) மூடுங்கள். முடிந்தால் ரவுட்டரில் அதைத் தனி நெட்வொர்க்கில் போடுங்கள்.

ரீபூட் முடிந்ததும் 'யூநேம்' புதிய எண்ணைக் காட்டுகிறதா, வலைப்பக்கம் மொபைலில் திறக்கிறதா, எடை பதிவாகிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் சரியாக ஓடினால் கிரப்பின் இயல்புத் தேர்வை மறக்காமல் 0க்குத் திருப்பி, கிரப்பை மறுபடி புதுப்பியுங்கள். இதை விட்டுவிட்டால், இன்வெர்ட்டர் தீர்ந்து கணினி அணைந்து எழும் அடுத்த இரவில், சத்தமில்லாமல் அதே 5.15.0-91க்குத் திரும்பியிருக்கும்.